கப்பலுக்கு முன் இருபத்து மூன்று இடங்கள்

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு, சோதனைக் கோபுரத்தின் நான்காவது தளத்தில் லிஃப்ட் கதவு திறந்தது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. உள்ளே நின்றிருந்த அசெம்பிளி அக்கா வெளியே எட்டிப் பார்த்தார். ஒரு துடைப்பமும் ஒரு வாளியும் இருந்தன. கதவு மூடிக்கொண்டது. பதினோரு விநாடி கழித்து மறுபடி திறந்தது.

"யாரும்மா வர்றாங்க?" என்று கீழிருந்து வாக்கி-டாக்கியில் கேட்டார் கோபுரத்து மெக்கானிக்.

"யாரும் வரலண்ணே."

"அப்ப யாருக்கு இவ்வளவு மரியாதை?"

கதவு மூன்றாவது முறையாகத் திறந்து, வாளிக்கு வழிவிட்டு மூடியது.

அந்த நிறுவனம் லிஃப்ட்களுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்கிறது. அங்கே ஒரு சட்டம் உண்டு. மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும், மாற்றியவர்தான் முதலில் ஏற வேண்டும். தனியாக, ஆறு தளமும், மேலும் கீழுமாக நாற்பது தடவை. முப்பதோடு நழுவிவிடலாம் என்றால் நடக்காது. மெக்கானிக் கரும்பலகையில் கோடு போட்டு எண்ணுவார். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. திட்டுவதற்கு ஆள் கிடைக்காததால் எல்லோரும் கட்டுப்படுகிறார்கள்.

அக்காவின் நாற்பது தடவையும் ஒழுங்காகத்தான் முடிந்தன. ஏறியது, இறங்கியது, தளத்துக்குத் தளம் மயிரிழை பிசகாமல் நின்றது. எல்லாம் முடிந்து லிஃப்ட் சும்மா நின்றபோதுதான் இந்த விளையாட்டு ஆரம்பித்தது.

அக்காவின் முகம் வாடியதற்குக் கதவு மட்டும் காரணம் அல்ல. அன்று தேதி ஆறு. பத்தொன்பதாம் தேதி கப்பல்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. அந்த நிறுவனத்தில் பதினெட்டு வருடம். அவரைவிட மூத்தவர்களும் அவரை அசெம்பிளி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கெர்னல் அவர் எழுதியது. கெர்னல் என்றால் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளலாம். பொத்தானைப் பார்ப்பது ஒரு வேலை, மோட்டாரை ஓட்டுவது ஒரு வேலை, கதவு ஒரு வேலை, மணி ஒரு வேலை. இப்படி முப்பத்திரண்டு வேலைகள் வரிசையில் நிற்க, அடுத்து யார் என்று மேஸ்திரி கை காட்டுவார். எல்லாம் ஒரே ஒரு சிப்புக்குள்.

இந்த மேஸ்திரி சி மொழியில் எழுதப்பட்டவர். அதைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். பதினெட்டு வருடத்துக்கு முன்பு அக்காவின் கைக்கு வந்த கம்பைலர் மந்தம். சிப் ஒரே கட்டளையில் செய்யக்கூடியதை அது பதினான்கு கட்டளைகளாகச் சுற்றி வளைக்கும். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. சி மொழிக்கு நடுவிலேயே சிப்பின் தாய்மொழியில் நேரடியாக எழுதிவிட ஒரு வழி இருக்கிறது. அதற்கு இன்லைன் அசெம்பிளி என்று பெயர். அந்த வரிகளைக் கம்பைலர் படிப்பதில்லை, அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிடும். அக்கா இருபத்து மூன்று இடங்களில் அப்படி எழுதினார். லிஃப்ட் வேகமாக ஓடியது. அந்த இருபத்து மூன்று இடங்களும் வேறு யாருக்கும் புரியாமல் போயின. பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

பெயரோடு போனும் வந்தது. எங்காவது ஒரு பெட்டி முரண்டு பிடித்தால் அக்காவுக்கு அழைப்பு. கல்யாண வீட்டில், பல் டாக்டர் நாற்காலியில், ஒருமுறை மகளின் பள்ளி மேடையில் பரிசு வாங்கும் வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஆறாவது ரிஜிஸ்டர்ல என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். ரிஜிஸ்டர் என்பது சிப் கையில் இருக்கும் எண்களை வைத்துக்கொள்ளும் சின்ன அறை.

அவர் கணவர் சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். வருடத்தில் ஏழு மாதம் கடல். மனைவியை ஒரு பயணத்துக்கு அழைத்துப் போக அவருக்கு அனுமதி உண்டு. கல்யாணமான இருபத்து நான்கு வருடத்தில் இரண்டு முறை ஏற்பாடாகி, இரண்டு முறையும் லிஃப்ட் குறுக்கே வந்தது. இரண்டாவது முறை அக்கா பெட்டியைக் காரில் ஏற்றிவிட்ட பிறகு போன் அடித்தது.

இப்போது மூன்றாவது ஏற்பாடு. இருபத்தாறு நாள். நடுக்கடலில் போன் எடுக்காது. கணவர் முந்தின துறைமுகத்திலிருந்து பேசினார்.

"இந்தத் தடவை பெட்டிய கார்ல வைக்காத. கையிலயே தூக்கிட்டு வா."

"ஏன், கார்ல வெச்சா என்னவாம்?"

"போன தடவை கார்ல வெச்சுட்டுத்தான் திருப்பி எடுத்துட்டுப் போன. ராசியில்லாத கார்."

"கார் மேல பழிய போடுங்க. இந்தத் தடவை வந்துடுவேன்."

"இதையேதான் அப்பவும் சொன்ன" என்றார். குரலில் கோபம் இல்லை. அக்காவுக்கு அதுதான் சுருக்கென்றது. கோபப்படுகிற கட்டத்தை அவர் தாண்டிவிட்டிருந்தார்.

டைரக்டர் லீவு கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பதினஞ்சாம் தேதி வியாழக்கிழமை முழுக்க உங்க போன் ஆஃப்ல இருக்கட்டும் மேடம். அன்னிக்கு என்ன வந்தாலும் இவங்களே சமாளிச்சுட்டா, கையெழுத்து போட்டுடறேன். ஒரு நாளே தாங்கலன்னா இருபத்தாறு நாள் எப்படித் தாங்கும், நீங்களே சொல்லுங்க." நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததால் சண்டை போடவும் வழியில்லை.

இதற்கிடையில் பழைய சிப்பின் தயாரிப்பு நின்றுவிட்டது. புதுச் சிப்பின் தாய்மொழி வேறு. இருபத்து மூன்று இடங்களும் அதற்குப் புரியாத பேச்சு. அக்கா புது மொழியில் அவற்றை மறுபடி எழுதலாம். ஒரு வாரத்தில் முடித்தும் விடுவார். ஆனால் பக்கத்து மேசைக்காரர் வேறு யோசனை சொன்னார்.

அவருக்கு அலுவலகத்தில் வக்கீல் என்று பெயர். நாற்பது வயது, எதற்கும் கையேட்டைப் புரட்டி, பக்க எண் சொல்லித்தான் பேசுவார். கேன்டீனில் பில் கொடுத்தால்கூடப் பின்பக்கம் திருப்பிப் படிப்பவர். கப்பல் கிளம்பிவிட்டால் கெர்னல் அவர் பொறுப்பு.

"இப்ப வர்ற கம்பைலர் பழைய மாதிரி மக்கு இல்லக்கா. நீங்க கையால எழுதினதுல முக்கால்வாசி அதுக்கே தெரியும். பில்ட்-இன்னு ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சிருக்கு. பேரச் சொன்னா போதும், எந்தச் சிப்போ அதுக்கு ஏத்த கட்டளைய அதுவே எடுத்து வெச்சுக்கும்."

"என்னை மாதிரி எழுதுமா?"

"எழுதவெச்சுப் பாருங்க."

அக்கா எழுதவைத்துப் பார்த்தார். வரிசையில் முதலில் நிற்கும் வேலை எது என்று கண்டுபிடிக்கும் துண்டு, பதினெட்டு வருடமாக அவர் பெருமைப்பட்ட துண்டு. முப்பத்திரண்டு வேலைகளுக்கும் ஆளுக்கொரு விளக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேலை தயார் என்றால் விளக்கு எரியும். முதலில் எரிகிற விளக்கு எத்தனையாவது என்று சொல்ல வேண்டும். பில்ட்-இன் பெயர் ஒரே வரி. கம்பைலர் அதை இரண்டே கட்டளைகளாக்கித் தந்தது. அக்காவே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் அதே இரண்டுதான்.

"பரவாயில்லையே" என்றார். வக்கீல் அதை ஒரு காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, தன் மேசையில் ஒட்டிக்கொண்டார். அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

அப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தார்கள். அக்காவின் மேசையில் இருந்த சோதனைப் பலகையில் எல்லாம் ஓடியது. கோபுரத்தில்தான் கதவு வாளிக்கு மரியாதை செய்தது.

"வேலை இருக்கறப்ப தங்கமா நடந்துக்குது" என்று மெக்கானிக் கீழே வந்த அக்காவிடம் சொன்னார். "வேலை இல்லாதப்பதான் சேட்டை. என் மச்சினன் மாதிரி."

மெக்கானிக் விளையாட்டாகச் சொன்னாலும் அக்காவுக்கு அது உபயோகமாக இருந்தது. லிஃப்ட் ஓடும்போது மோட்டாரைக் கண்காணிக்கும் விளக்கு அணையவே அணையாது. நின்ற பிறகுதான் முப்பத்திரண்டு விளக்கும் அணையும். அப்போது மேஸ்திரி, "யாரும் இல்லை, தூங்கலாம்" என்று சிப்பை ஓய்வுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பதிலாக யாரையோ கூப்பிடுகிறார்.

மூன்று மணிக்கு, கம்பைலர் துப்பிய கட்டளைகளை அக்கா அச்செடுத்து மேசையில் விரித்தார். விரலால் தொட்டுத் தொட்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"வக்கீலே, இங்க வா. என் வரிய காணோம்."

"எந்த வரி?"

"விடை முப்பத்திரண்டுன்னு வந்தா தூங்கப் போன்னு எழுதியிருந்தேன்ல? சுத்தமா இல்ல. இந்தக் கம்பைலர் திருடிட்டுப் போயிடுச்சு."

விளக்குகளுக்குப் பூஜ்யத்திலிருந்து முப்பத்தொன்று வரை எண். ஒன்றுகூட எரியவில்லை என்றால் அவருடைய பழைய அசெம்பிளி முப்பத்திரண்டு என்று சொல்லும். அதை வைத்துத்தான் தூங்கப் போவார் மேஸ்திரி. இப்போது சிப் முப்பத்திரண்டு என்று சரியாகத்தான் சொல்கிறது. அதைக் கேட்டு நிறுத்த வேண்டிய வரி காணாமல் போனதால், மேஸ்திரி முப்பத்திரண்டு பேர் பட்டியலைத் தாண்டி, இல்லாத அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். நினைவகத்தில் அந்த இடத்தில் குடியிருந்தது கதவைத் திறந்து மூடிப் பார்க்கும் பரிசோதனை. கூப்பிட்டதும் வந்துவிட்டது, பாவம்.

வக்கீல் அதற்குள் கையேட்டில் பக்கத்தைப் பிடித்துவிட்டார். "இந்தா பாருங்க. எதுவுமே எரியாதப்ப இந்தப் பேரக் கூப்பிட்டா, விடை என்ன வேணா இருக்கலாம்னு போட்டிருக்கான்."

"என்ன வேணா இருக்கலாம்னா? சிப்பு ஏதாவது ஒண்ணு சொல்லித்தானே ஆகணும்?"

"சிப்பு சொல்லும்க்கா. இது சிப்போட பேச்சு இல்ல, கம்பைலரோட ஒப்பந்தம். எரியாத விளக்க வெச்சுக்கிட்டு நீங்க இதக் கூப்பிட மாட்டீங்கன்னு அது நம்பிடுச்சு. ஒண்ணாவது எரிஞ்சா விடை முப்பத்தொண்ணத் தாண்டாது. அப்ப முப்பத்திரண்டான்னு கேக்கற வரி எதுக்கு? தண்டம்னு தூக்கிப் போட்டுடுச்சு."

"மேசையில ஓடிச்சே?"

"மேசையில கம்பைலரோட வேகப்படுத்தற வேலைய நிறுத்தி வெச்சுத்தான் பாக்கறீங்க. கோபுரத்துக்கு அனுப்பறப்பதான் அது முழு மூளையையும் உபயோகிக்குது."

அக்கா நாற்காலியில் சாய்ந்தார். அசெம்பிளியிலேயே வளர்ந்தவர்கள் செய்கிற தவறு இது. அந்த உலகத்தில் எந்தக் கட்டளை கொடுத்தாலும் ஏதோ ஒன்று நடக்கும். என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும். சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தை, நீங்கள் கொடுத்த வாக்காக எடுத்துக்கொள்ளும் ஆள் அங்கே கிடையாது. பதினெட்டு வருட அனுபவம்தான் அவருக்குக் குழி தோண்டியது. புதிதாக வந்தவர் என்றால் கையேட்டைப் படித்திருப்பார்.

"சரி விடு" என்றார். "இந்த ஒரு இடத்துல மட்டும் அசெம்பிளிய போட்டுடறேன். புது மொழியில ரெண்டே வரி. அத இந்தக் கம்பைலர் தொடாது. நாலு மணிக்குள்ள லிஃப்ட் சரியாயிடும்."

வக்கீல் மறுக்கவில்லை. கையேட்டை மூடி வைத்துவிட்டு, "போட்டா சரியாயிடும்" என்றார். "அப்புறம் அது எனக்குப் புரியாது. கப்பல்ல போன் எடுப்பீங்களாக்கா?"

அக்கா கீபோர்டில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்த இரண்டு வரி விரல் நுனியில் இருந்தது. மூன்று நிமிட வேலை. இத்தனை வருடத்தில் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடந்திருக்கிறது: அவசரம், இரண்டு வரி, மூன்று நிமிடம், எல்லோருக்கும் நிம்மதி. இருபத்து மூன்று இடங்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல.

"நீயே எழுது" என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். "எப்படி எழுதினா உனக்கு அடுத்த வருஷமும் புரியுமோ, அப்படி எழுது."

வக்கீல் எழுதியது சின்ன விஷயம்தான். விளக்கு ஒன்றாவது எரிகிறதா என்று முதலில் கேள். இல்லை என்றால் தூங்கு. எரிந்தால் மட்டும் பில்ட்-இன்னைக் கூப்பிடு. படித்தால் மெக்கானிக்குக்கே புரியும். அக்கா கட்டளைகளை அச்செடுத்துப் பார்த்தார். ஒரு கட்டளை அதிகம். லிஃப்டில் நிற்கும் யாரும் அந்தத் தாமதத்தை உணரப்போவதில்லை. அக்காவுக்கு மட்டும் லேசாக வலித்தது.

எழுதியவர்தான் ஏற வேண்டும் என்பதால் வக்கீல் ஏறினார். அவருக்கு லிஃப்டில் தலை சுற்றும். அதுவரை இது யாருக்கும் தெரியாது. நாற்பதையும் முடித்து வெளியே வந்தவர் வாளியைத் தேடினார். நல்லவேளை, அது நான்காவது தளத்திலேயே இருந்தது. அதன் பிறகு லிஃப்ட் ஒரு மணி நேரம் சும்மா நின்றது. கதவு அசையவில்லை.

அடுத்த ஒரு வாரத்தில் இருபத்தொரு இடங்கள் பில்ட்-இன் பெயர்களாகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் வக்கீல் கையேட்டை வாசிப்பார், அக்கா கட்டளைகளை வாசிப்பார். ஒருவர் படித்தது மற்றவர் படித்ததோடு பொருந்தினால்தான் அடுத்தது. இரண்டு இடங்களுக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. மின்சாரம் வந்ததும் ஓடும் முதல் சில கட்டளைகள் ஒன்று. ஒரு வேலையை அப்படியே நிறுத்தி, அதன் கையில் இருந்ததையெல்லாம் பத்திரப்படுத்தி, இன்னொரு வேலையை எழுப்பும் இடம் மற்றொன்று. அவற்றை அசெம்பிளியிலேயே விட்டார்கள். ஆனால் அக்கா அந்த ஒன்பது வரிக் கட்டளைகளுக்கு மேலே பதினாறு வரி விளக்கம் எழுதினார். எந்த ரிஜிஸ்டரை ஏன் தொடுகிறேன், தொடாவிட்டால் என்ன ஆகும், சந்தேகம் வந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று. வக்கீல் நான்கு முறை திருப்பி அனுப்பினார்.

"அக்கா, 'இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்'னு எழுதியிருக்கீங்க. யார் அந்த எல்லாரும்?"

பதினைந்தாம் தேதி காலை, மகள் கல்லூரிக்குக் கிளம்பும்போது கையை நீட்டினாள். "போனக் குடும்மா."

"ஆஃப் பண்ணி டிராயர்ல வெச்சுட்டேன்டி."

"டிராயருக்கும் உனக்கும் நடுவுல எத்தனை அடி? குடு."

போன் கல்லூரிக்குப் போனது. அக்கா காலையில் பீரோவை அடுக்கினார். மதியம் பெட்டியைக் கட்டினார். மூன்று மணிக்கு எதிர்வீட்டு அம்மாள் மணி அடித்தபோது, அலுவலகத்திலிருந்துதான் ஆள் வந்திருக்கிறது என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அந்த அம்மாளுக்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டியிருந்தது. மீதி மதியத்தை அக்கா அவர் வீட்டு மிக்ஸியைப் பழுதுபார்ப்பதில் செலவிட்டார். அன்றைய தினத்தைத் தாண்ட அது உதவியது.

மறுநாள் அலுவலகத்தில் நுழைந்ததும் வக்கீலின் கண்ணைத்தான் பார்த்தார். தூங்கி எழுந்த கண்ணாக இருந்தது.

"ஏதாவது வந்துதா?"

"வந்துது. புதுக் கம்பைலர் அனுப்பியிருந்தாங்க. போட்டதும் கெர்னல கட்டளையா மாத்தவே மாட்டேன்னுடுச்சு."

"எங்க?"

"உங்க ரெண்டு இடத்துல ஒண்ணு. வேலைய மாத்தற இடம். நீங்க எடுக்கற ரிஜிஸ்டர் ஒண்ண அது தனக்குன்னு வெச்சிருக்காம். நடுவுல வந்து கை வைக்காதேன்னு திட்டுது."

யாருக்கும் புரியாது என்று அக்கா பயந்த அதே இடம். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, பதினாறு வரிய படிச்சேன். அந்தத் துண்ட சி ஃபைலுக்குள்ளேர்ந்து வெளிய எடுத்து, தனி அசெம்பிளி ஃபைலா வெச்சுட்டேன். அங்க கம்பைலருக்கு வேலையே இல்ல, யார் ரிஜிஸ்டர்லயும் யாரும் கை வைக்க வேணாம். மதியம் பன்னெண்டு மணிக்கு முடிஞ்சுது. நாற்பது தடவை ஏறி இறங்கினேன். வாளிய கையிலயே கொண்டு போயிட்டேன்."

அக்கா அந்த ஃபைலைத் திறந்து நிதானமாகப் படித்தார். தான் செய்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டோம் என்று தோன்றியது. உள்ளேயே ஏதாவது குறுக்கு வழியில் சரிக்கட்டியிருப்பார். இது அதைவிடச் சுத்தம். பிறகு, "பதினாலாவது வரியில நான் எழுதின விளக்கம் இப்ப பொருந்தாது, மாத்திடு" என்றார்.

"மாத்திட்டேன். கீழ பாருங்க."

கீழே பார்த்தார். மாற்றியிருந்தது.

டைரக்டர் கையெழுத்துப் போடும்போது, "நேத்து பத்து மணிக்கு நான் பழக்கத்துல உங்களுக்குப் போன் பண்ணிட்டேன் மேடம்" என்று ஒப்புக்கொண்டார். "உங்க பொண்ணு ஆன் பண்ணி வெச்சிருந்தாங்க போல, எடுத்தாங்க. 'சார், நீங்களே விதி போட்டுட்டு நீங்களே மீறலாமா'ன்னாங்க."

பத்தொன்பதாம் தேதி அக்கா பெட்டியைக் கையிலேயே தூக்கிக்கொண்டு கப்பலின் ஏணிப்படியில் ஏறினார். மேலே நின்ற கணவர் உடனே பெட்டியை வாங்கவில்லை. முதலில் அவருடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகுதான் பெட்டி.

மூன்றாம் நாள். சுற்றிலும் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. அக்கா மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கணவர் இன்ஜின் அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கேப்டன் ரூம்ல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதாம். உங்க வீட்டம்மா கம்ப்யூட்டர்காரங்கதானேன்னு கேக்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டுச் சொல்றேன்னேன்."

"லிஃப்ட் மெக்கானிக்குன்னு சொல்லிடுங்க" என்றார் அக்கா, கடலைப் பார்த்தபடி. "கப்பல்ல லிஃப்ட் இல்லல்ல?"

"இல்ல."

"நல்லது. உக்காருங்க."